வான் பாய்ந்த சனிக்கிழமை

நம்பாதவர்கள் என் மகளின் காதைப் பார்க்கலாம். இரண்டு செவிப்பறையும் இல்லை. டொக்டர் எழுதித் தந்த துண்டு இப்போதும் அலுமாரிக்குள் இருக்கிறது. எனக்குக் கதை கட்ட வராது. நான் முல்லைத்தீவுக் கடலில் வலை போட்டவன். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில் மனைவி ஆன்சலாவோடும் ஏழு வயது மகள் கலிஸ்ராவோடும் இருந்தேன்.

1998 தை 10, சனிக்கிழமை. அந்த வருடம் நல்ல மாரி. ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு குளம் வான் பாய்கிறது என்று சனம் பார்க்கப் போனது. குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கட்டைத் தாண்டிக் கொட்டுவதைத்தான் அப்படிச் சொல்வோம். வன்னியில் எங்களுக்கு வேறு நீர்வீழ்ச்சி ஏது? குளக்கட்டுக்குக் கீழே, பற்றைக்குள் ஒரு விமானம் விழுந்து கிடந்தது. அதுதான் எங்கள் காட்சிச்சாலை. தலையில் குண்டு போட வந்த பொம்மரை வேடிக்கை பார்க்க, சாப்பாடும் கட்டிக்கொண்டு ஒரே சைக்கிளில் மூன்று பேர் போனோம்.

பிற்பகல் 2.50. விமானத்தடியில் குளத்துக் காவலாளி வீரகத்தி அண்ணை நின்றார்.

"தம்பி, பிள்ளையை உள்ளுக்கு ஏத்தாதேங்கோ."

"ஏன் அண்ணை, பறந்திடுமோ?"

பகிடி விட்டுக்கொண்டே கலிஸ்ராவைத் தூக்கி, கிழிந்த இருக்கையில் இருத்தினேன். ஆன்சலாவிடம் தண்ணீர்ப் போத்தலை வாங்கத் திரும்பினேன்.

க்ளக்...

இருக்கைப் பட்டி அவளுடைய மடியில் பூட்டியிருந்தது. துருப்பிடித்த பூட்டு. நான் பூட்டவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத்தான் கழற்றினேன்.

"அப்பா, மூண்டு நாப்பதுக்கு என்னைக் கத்தட்டாம். பொம்மர் எண்டு."

"ஆர் சொன்னது?"

"பின்னுக்கு இருக்கிற மாமா."

பின்னால் இருக்கையே இல்லை. வெறும் தகரம்.

"என்ன பாஷையில சொன்னவர்?" ஆன்சலா சிரித்தபடி கேட்டாள்.

"தெரியாது. விளங்கினது."

கலிஸ்ராவுக்கு அப்போது மணிக்கூடு பார்க்கத் தெரியாது.

வானடியில் நல்ல சனம். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் குரலும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் எல்லாருக்கும் கேட்டது.

"பொம்மர்..."

அந்தச் சொல்லுக்கு வன்னியில் யாரும் நின்று விளக்கம் கேட்பதில்லை. அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். காதுக்குள் விரல், வாயை ஆவென்று திறந்தபடி. வாய் திறந்திருந்தால்தான் அதிர்ச்சியில் செவிப்பறை வெடிக்காது. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகியவர்கள்.

என் கைமணிக்கூட்டில் 3.40. வானத்தில் ஒன்றுமில்லை.

ஒரு கிழவர் கல்லில் விழுந்து நெற்றி உடைந்து கிடந்தார். "உது ஆற்ற பிள்ளை?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாருக்கும் முன்னால் கலிஸ்ராவை அறைந்தேன். இரண்டு தரம்.

"அடியாதேங்கோ," என்று ஆன்சலா இடையில் புகுந்தாள்.

"அப்பா... வாற சனியும் கத்தட்டாம். மொத்தம் ரெண்டு தரமாம்."

"அந்தச் சொல்லு வந்தா வாயைப் பொத்து. விளங்குதோ?"

"ஓம் அப்பா."

தை 17, சனிக்கிழமை. 3.37. நான் கொட்டிலுக்கு வெளியே சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். குசினிக்குள் ஆன்சலா தேங்காய் துருவினாள். கிர்... கிர்...

கலிஸ்ரா என் முன்னால் வந்து நின்றாள்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரல் நுனி வெளுத்திருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"என்ன?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

3.39. துருவுகிற சத்தம் நின்றது.

"இஞ்சேருங்கோ... பிள்ளை ஏன்..."

3.40.

குசினி இல்லை.

கலிஸ்ரா அப்படியே நின்றாள். வாய் மூடி. காது திறந்து. காதுகளிலிருந்து இரத்தம் தோளில் வழிந்தது.

ஆன்சலாவைப் பாயில் சுற்றித்தான் அடக்கம் செய்தோம். சுற்ற அதிகம் இருக்கவில்லை.

மாசியில் வீரகத்தி அண்ணையைத் தேடிப் போனேன். ஆன்சலா போனதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாமாவைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"உங்கடையோட மூண்டு பிள்ளையள் அதில ஏறினது, தம்பி. மூண்டுக்கும் ரெண்டு சனி கத்தச் சொன்னது. மற்ற ரெண்டும் ரெண்டு சனியும் கத்தினதுகள். ஒண்டும் வரேல்லை."

"வரேல்லையோ?"

"கத்தினா வராது. அதுக்குத்தானே கத்தச் சொல்லுறது."

என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கட பிள்ளையும் ரெண்டாந்தரம் கத்தினது தானே?"

"ஓம்," என்றேன்.

இதில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.