செல்வமேரியும் தராசில் கிடந்த பிள்ளையும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணி போன் செய்தார். "மேரி போயிட்டா சிஸ்டர். நாளைக்கு அடக்கம்" என்றார், அவ்வளவுதான். பெற்றோர் குழுவில் அவளோடு உட்கார்ந்து வாதாடிய உங்களில் பலர் இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைவிட இளையவள், அவர், இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முத்துப்பேட்டை சாலையில் இருந்த அவள் வீட்டுக்கு நான் முதலில் போனது தராசோடு. குழந்தைகளின் வளர்ச்சி பற்றித் தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆய்வு நடந்தது. மாதம் ஒரு தடவை வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளை எடைபோட்டு அட்டையிலும் என் நோட்டிலும் எழுதும் நர்ஸ் நான். அவள் புருஷன் அந்தோணி, பிள்ளை பிறக்கும் முன்பே குவைத்துக்குப் போனவர். போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று மாமியார் தடுத்துவிட்டார். அதனால் என் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவாள். அப்பனுக்குப் பிள்ளை என்றால் அந்த எண்கள்தான்.

ஐந்தாம் மாதம் போனபோது தெரு ஒரு மாதிரியாக இருந்தது. வழக்கமாக என் பின்னால் ஓடிவரும் பிள்ளைகளைக் காணோம். பெண்கள் வாசலில் நின்று என் தராசையே பார்த்தார்கள். மேரி பிள்ளையைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். எடை குறைந்திருந்தது. தொடையில் இருந்த மச்சத்தைத் தேடினேன், இல்லை. "ஜெரோம்" என்று கூப்பிட்டேன். பிள்ளை கதவுப் பக்கமே பார்த்தது. கதவுக்குப் பின்னால் மேரியின் தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்தேன்? மச்சத்தை வேறு யார் பிள்ளையிடமோ பார்த்திருப்போம் என்று சொல்லிக்கொண்டு எடையை எழுதினேன். ஆய்வு முடியும்வரை ஏழு மாதம் எழுதினேன். கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள் நான்!

முடிவை அச்சுக்கு அனுப்பும் முன், ஆய்வை நடத்திய டாக்டரம்மா பெற்றோரையே ஆலோசகர்களாக வைத்து ஒரு குழு அமைத்தார். ஒரு மாதமும் தவறாத தாய் என்று மேரியின் பேரைக் கொடுத்ததும் நான்தான். அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை என்று டாக்டரம்மா பெருமையோடு வாசித்தார். மேரி எழுந்தாள்.

"அந்த வீடுகள்ல பிள்ளை செத்தா சொல்ல மாட்டாங்கம்மா. நானும் சொல்லலை. சிஸ்டர் எடை போட்டது என் தங்கச்சி பிள்ளையை."

ஜெரோம் நான்கு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அந்தோணியின் பாஸ்போர்ட் முதலாளி கையில். வர முடியாத மனுசனிடம் சாவைச் சொல்லி என்ன செய்வது என்று தெருவே சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது. அந்தச் சோற்றைத் தின்றவள் நான். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை, நான் வரும் நாளெல்லாம் பிள்ளையோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். எஸ்.டி.டி. பூத்தில் அந்தப் பிள்ளையைக் கிள்ளி அழவைத்து, அழுகையை அந்தோணிக்குக் கேட்கக் கொடுத்தார்களாம். குழு கூடும் முன்பே அவர் ஊருக்கு வந்துவிட்டார்; வந்து இறங்கிய அன்றுதான் மேரி அவரிடம் உண்மையைச் சொன்னாள்.

இப்போது என்ன செய்வது என்று டாக்டரம்மா அவளையே கேட்டார். "திரும்பப் போங்க. ஆனா தராசைக் கொண்டுபோகாதீங்க. அதைப் பார்த்தா ஏதாவது ஒரு பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வைக்கணும்னு தோணிடும்" என்றாள்.

வெறுங்கையோடு போனோம். மேரி கூடவே வந்து, தான் செய்ததை முதலில் சொல்வாள். பிறகு வீட்டுக்காரி மெதுவாக ஒரு பேரைச் சொல்வாள். எல்லா வீட்டிலும் இல்லை; ஆனால் ஒன்றிரண்டு வீட்டோடும் நிற்கவில்லை. என் நோட்டில் மாதாமாதம் எடை கூடிக்கொண்டிருந்த பேர்கள் அவை. அந்த நோட்டைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. அச்சுக்குப் போக இருந்த முடிவு நின்றுபோனது. மேரி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் அந்தோணி என் பக்கத்தில் வந்து நின்றார். ஜெரோமுக்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"வீட்டுல யாரைக் கேட்டாலும் அழுவாங்கன்னு இத்தனை வருசமா கேக்கலை. நீங்க அவனைத் தூக்கியிருக்கீங்க. என் பிள்ளை எப்படிங்க இருந்தான்?"

நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, ஆனால் அது ஏழு மாதம் தூக்கிய அந்த இன்னொரு முகம். அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "ஞாபகம் இல்லைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

செல்வமேரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என் இரண்டு கைகளில் ஒரு பிள்ளையின் கனம். கைக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது. எந்தப் பிள்ளை என்றுதான் தெரியவில்லை.