இரட்டைக் குழலுக்கு வீட்டிலேயே கருநீலம்

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நானும் ஒப்படைத்தேன். தேர்தல் முடிந்து வாங்கிவந்து உறையைக் கழற்றினால், இரண்டு குழல்களிலும் செந்துரு படர்ந்திருந்தது. கோடை மழையில், ஸ்டேஷனில் துப்பாக்கிகளை வைத்திருந்த அறை ஒழுகியிருக்கும் போல.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்காக அப்பா வாங்கிய துப்பாக்கி அது. மேலே பார்த்து ஒரு வெடி வெடித்தால் பன்றிக் கூட்டம் ஓடிவிடும். அப்பா போன பிறகு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி லைசென்ஸை என் பேருக்கு மாற்றினேன். தோப்பில் நானும் அம்மாவும்தான். காலையில் பஸ் ஏறித் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் போவேன். அங்கே நான் லேப் இன்சார்ஜ்.

துருவைப் பார்த்த சித்தப்பாவின் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "இதெல்லாம் பொம்பளப் புள்ள வெச்சுப் பராமரிக்கற சாமானா கண்ணு? பேசாம சரண்டர் பண்ணீரு."

துரு பிடித்தது என் வீட்டில் இல்லை. அதைச் சொன்னால் அவர் காதில் ஏறவில்லை.

கோயமுத்தூரில் துப்பாக்கி விற்கும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கி இரும்பின் மேல் கருநீலமாக மினுங்குமே, அது பெயின்ட் இல்லை, இரும்பே போர்த்திக்கொள்ளும் தோல், அது போய்விட்டது, புதிதாக ஏற்ற வேண்டும் என்றார். "விட்டுட்டுப் போங்க. மூணு நாலு மாசம் ஆகும். வாங்கறதுக்கு ஊட்டு ஆம்பளைங்கள வரச் சொல்லுங்க."

"லைசென்ஸ் எம்பேர்லதானுங்க இருக்குது."

"இருக்கட்டுங்க. ஆம்பளைங்கன்னா விவரம் பேசறதுக்குச் சுலுவு."

"அப்ப நானே செஞ்சுக்கறனுங்க."

சிரித்தார். நான் துப்பாக்கியை உறையில் போட்டுக் கட்டுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. கறுப்பேத்தறேன்னு காஸ்டிக் சோடாவுல கொதிக்க வெச்சராதீங்க. ரெண்டு குழலையும் ஈயப்பத்து வெச்சு ஒட்டியிருக்குது. அது கரைஞ்சு பிரிஞ்சுதுன்னா அப்புறம் துப்பாக்கி இல்லீங்க, ரெண்டு பைப்பு."

அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஆனாலும் அவர் சொன்னதில் சரியானதை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

வாய்விட்டுச் சொல்லியாயிற்று. செய்வதா வேண்டாமா என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். குழலில் பொறித்திருக்கும் நம்பர் தேய்ந்துவிட்டால் லைசென்ஸே போய்விடும். பட்டறையில் திருநெல்வேலிக்காரரான டையிங் மாஸ்டர், "காஸ்டிக்கும் உப்பும் நம்மகிட்ட மலையா கெடக்குல்லா? ஒரு டேங்க்ல போட்டுக் கொதிக்க வுடுங்க, சோலி முடிஞ்சுது" என்றார். என் இடது மணிக்கட்டில் காஸ்டிக் தெறித்த தழும்பை நீட்டிக் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில் இன்னொரு வழி கிடைத்தது. குழலைச் சுத்தமாக்கி, வேண்டுமென்றே மெல்லிசாகத் துருப்பிடிக்க வைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கறுப்பாகிவிடும். தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து, ஆறேழு தடவை. ஈயப்பத்துக்கு ஒன்றும் ஆகாது.

எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவள் இல்லை நான். எந்தச் சாயத்தையும் லேப்பில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்க்காமல் மெஷினுக்கு அனுப்பியதில்லை. ஒரு பழைய அரிவாளில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை சேறு அப்பிய மாதிரி வந்தது. குழாய்த் தண்ணீரின் உப்பு என்று புரிந்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கிவந்தேன். அடுத்த தடவை அரிவாள் நாவல்பழம் போல் கறுத்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். வீம்பு என்றால் வீம்புதான். ஆனால் சோதித்துப் பார்த்த வீம்பு.

லேத் பட்டறையில் எவர்சில்வர் தகட்டை வளைத்து நீளமாக ஒரு தொட்டி செய்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வரிசையாகக் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் குழலைக் கழற்றினேன். நம்பர் இருந்த இடத்தில் உப்புத்தாளே படவிடவில்லை. குழலின் வாய்களை மரக்கட்டையால் அடைத்தேன். மூன்றாம் சுற்றில், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அம்மா குழலைத் தொட்டுவிட்டாள். அந்த இடத்தில் மட்டும் நிறம் ஏறவில்லை.

நான் கத்தினேன். அம்மா அசரவில்லை. "போனாப் போகுது, மொதல்லயிருந்து செய்யி. மறுக்காச் செஞ்சா குடியா முழுகிப் போயிரும்?" என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, மட்டையை முறித்து அடுப்பில் தள்ளினாள். அதுவரை அவளும் சித்தப்பா கட்சி என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று ஞாயிறு ஆனது. இடது குழலின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் கொஞ்சம் கம்மிதான். மற்றபடி கருநீலம், கடைச் சாமானுக்கு ஒரு மாற்றும் குறையவில்லை. சித்தப்பா வந்து பார்த்தார். "எந்தக் கடையில குடுத்த?" என்றார். நானே செய்ததைச் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்துப் போனபோது கிளார்க் நம்பரை விரலால் தடவி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து முத்திரை குத்தினார். நிறம் எங்கே ஏற்றியது என்று கேட்டார், வீட்டிலேயே நானே ஏற்றினேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளகோவில் விவசாயி ஒருவர் என் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதும் துருப்பிடித்திருந்தது.

"ஏனுங்க, ஊட்டுலயே செஞ்சீங்களா? இதையும் செஞ்சு தருவீங்களா?"

"அடுத்தவங்க துப்பாக்கில நான் கை வெக்கக் கூடாதுங்க, அது சட்டம். எப்படிச் செய்யறதுன்னு வேணா எழுதித் தர்றனுங்க."

அவர் ஒரு மனுத்தாளின் பின்பக்கத்தை நீட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து, தோட்டா உள்ளே இல்லை என்று முதலில் பார்க்கவும் என்று ஆரம்பித்து, தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன்.