அத்தை, அடுப்பு அணைஞ்சிருச்சா?

"…அணைஞ்சிருச்சு லா! நாந்தான் கண்ணால பாத்தேனே. அந்த அடுப்பு என்ன ஒன் மாப்பிள்ளையா, திரும்பித் திரும்பி மொகத்தப் பாத்துட்டு வர?"

இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று நின்று கத்தியவர் பக்கத்து வீட்டு அத்தை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்பவர். அவர் கத்தி முடிப்பதற்குள் பள்ளிக்கூட பஸ் போய்விட்டது.

எண்பதுகளில், மலேசியாவில், அசாம் ஜாவா பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், பதினைந்து வயதில் எனக்கு இருந்த வியாதி இதுதான். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டைப் பூட்டுவது நான். பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் கால் நின்றுவிடும்: மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறதோ? திரும்பிப் போய்ப் பார்ப்பேன். திரி அணைந்திருக்கும். வெளியே வந்தால், பார்த்த கண் மேலேயே சந்தேகம் வந்துவிடும். மனசுக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பற்றி எரியும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வீட்டுக் கோழிகள் உட்பட.

லயத்து ஜனங்களோ தங்கமானவர்கள். "அடுப்பு அணைஞ்சிருச்சா?" என்று யாரைக் கேட்டாலும் பதில் வரும். எங்கள் அடுப்பைக் கண்ணால் கண்டிராதவர்கூடக் குளியலறைக்குள்ளிருந்து, "அணைஞ்சிருச்சு, நீ போ புள்ள!" என்று சத்தியம் செய்வார். அந்தப் பதில் ஐஸ் கட்டி மாதிரி. பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்குள் கரைந்துவிடும்.

அன்று சாயங்காலம் அம்மா தீர்ப்புச் சொன்னார்: "இன்னொரு தடவ பஸ்ஸ விட்டன்னா படிப்பு போதும். செம்பனக் காட்டுல பழம் பொறுக்க வந்துரு. அங்க அடுப்பும் கெடையாது, பூட்டும் கெடையாது."

அப்பாதான் கடைசி முயற்சியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு டாக்டரம்மா மருந்து எதுவும் எழுதாமல், மணியடிக்கிற டிஜிட்டல் வாட்ச் ஒன்று வாங்கச் சொன்னார். பயம் வந்தால் பொத்தானை அழுத்து; அது கத்தும்வரை திரும்பிப் போகாதே; பயம் தானாக ஏறி, தானாக இறங்கும்; நீ போய்ப் போய்ப் பார்ப்பதுதான் அதற்குப் போடுகிற சோறு என்றார். அப்பாவைப் பார்த்து, "இவ கேட்டா யாரும் பதில் சொல்லாதீங்க. அதுவும் சோறுதான்" என்றார்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாட்ச் வாங்கினோம். அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்துத் திருநீறு பூசினார். கற்பூரம் காட்டும்போது அது 'பீப் பீப்' என்றதும், "பாத்தியா, சாமியே உத்தரவு குடுத்துருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொத்தான் இடுக்கில் போன திருநீறு கடைசிவரை வரவில்லை.

வாட்சைப் பழக்குவது சுலபம். லயத்தைப் பழக்குவதுதான் பாடு. அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள், அத்தையைத் தவிர. "கேக்குற புள்ளைக்கிப் பதில் சொல்லக் கூடாதா? அந்த டாக்டரு பிள்ள குட்டி பெத்தவதானா?"

மறுநாள் காலை. பூட்டினேன், நாலு எட்டு வைத்தேன், அடுப்பு நினைப்பு வந்தது. பொத்தானை அழுத்தினேன். எண்கள் ஆமை மாதிரி நகர்ந்தன. பஸ் வந்து ஹாரன் அடித்தது. வாட்ச் வாயே திறக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அத்தை நின்றிருந்தார்.

"அத்தை, அடுப்பு அணைஞ்சிருச்சா?"

"அணை…" என்றவர் சட்டென்று குனிந்து, குழாய்த் தண்ணீரை அள்ளி வாய் நிறைய அடைத்துக்கொண்டார். இரண்டு கன்னமும் பொம்மென்று உப்பின. இடுப்புக் குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. நான் மறுபடி கேட்டேன். அவர் கண்ணை உருட்டி, தலையை ஆட்டாமல், ஒற்றைக் கையால் என் முதுகைப் பிடித்து பஸ்ஸை நோக்கித் தள்ளினார். ஏறிவிட்டேன்.

பஸ் திரும்பும்போது சன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை தண்ணீரைத் துப்பிவிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் சமையல்கட்டுச் சன்னலில் எக்கி அடுப்பை எட்டிப் பார்த்தார்.