முதலாவது பெயர்

கொக்கிளாய்க் களப்பில் இறால் ஏன் குறைகிறது என்று மீனவர்களின் வள்ளங்களில் போய் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். சஞ்சிகைக்கு அனுப்பும்போது எங்கள் கல்லூரியின் துறைத் தலைவர் தன் பெயரை முதலாவதாகப் போட்டார்.

“சேர், இது என்ர பதவி உயர்வுக்கான கட்டுரை.”

“தலைவர்ட பேர் முன்னுக்கு வாறதுதான் இஞ்ச வழமை, மிஸ். இல்லையெண்டால் அனுப்புறதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்.”

சின்னக்கண் வலைகள் இறால் குஞ்சுகளை அழிப்பதால் அவற்றைத் தடை செய்யவேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். கட்டுரை வெளிவந்து செய்தி பரவியதும் மீனவர்கள் கல்லூரிக்கே வந்துவிட்டார்கள்.

“எங்கட வலையைத் தடை செய்யச் சொன்ன பெரிய மனுசன் ஆர்? முதல் பேர் உங்கடதானே?”

தலைவர் கதிரையை விட்டு எழும்பினார். “ஐயோ, நான் பேர் மட்டும்தான் குடுத்தனான். முழுக்க இந்த மிஸ்தான் எழுதினவா.”

சக விரிவுரையாளர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“ஓம், நான்தான் எழுதினனான்,” என்றேன்.

“எங்கட வள்ளத்தில வந்து எங்களுக்கே ஆப்பு வைச்சிட்டீங்களே மிஸ்!”

அந்த ஏச்சுக்கு என்னிடம் பதில் இருந்தது. குஞ்சுகள் அழிந்தால் நாளைக்கு அவர்களுக்கே இறால் இல்லை என்று மாலைவரை இருந்து சொன்னேன். அவர்கள் ஏற்கவில்லை. அச்சில் தலைவரின் பெயர் இன்னும் முன்னால்தான் நிற்கிறது. ஏச்சில் மட்டும் அவர் பங்கு கேட்கவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை யாருடையது என்ற சந்தேகம் அன்றோடு கல்லூரியில் எவருக்கும் இல்லை.