கடலுக்குக் கவாத்து

கடலுக்குக் கவாத்து வெட்டியிருக்கிறது என்று அப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் விடுப்புப் போட்டு, கேமரன் மலையிலிருந்து கிழக்குக் கரைக்கு அவரையும் அம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு போனதே, அந்தக் கரையைக் கண்ணால் பார்த்தாவது மனம் மாறட்டும் என்றுதான்.

அப்பாவுக்கு அந்த வருடக் கடைசியில் அறுபது முடிகிறது. முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் தேயிலைத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குளிர் போதும், முட்டி வலி போதும், இனி வெயிலில் உட்காரணும் என்பது அவர் ஆசை. எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டிவிட்டுக் கிழக்குக் கரையில் மகனோடு போய்த் தங்கிவிட்ட அவருடைய கூட்டாளி, கடலைப் பார்த்தாற்போல ஒரு சின்ன வீட்டைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா சேமிப்பு முழுவதையும் அதில் போடுவதாக வாய்வார்த்தை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

கடற்கரை எங்கே நகர்கிறது என்று கணிப்பதுதான் நான் சம்பளம் வாங்கும் வேலை. மகளுக்கு என்ன வேலை என்று எங்கள் மலையின் பிரிஞ்சாங் சந்தையில் யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்ல கடல் பாக்குது” என்பார் அப்பா. பழைய வான்படங்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் கரை இருந்த இடத்தைக் கோடு போட்டு, வருடத்துக்கு எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கணக்கிட்டு, இனிமேல் எதுவரை வரும் என்று சொல்ல வேண்டும். எங்கே கல் கொட்டலாம், எங்கே எதையும் கட்டாமல் விட்டுவிடுவது நல்லது என்று அதை வைத்து முடிவெடுப்பார்கள். ஊர் பேர் தெரியாத அதிகாரிகளெல்லாம் என் கோட்டை நம்புகிறார்கள். பெற்ற அப்பா நம்பவில்லை.

நாங்கள் போனது ஜனவரி. மழைக்காலத்து அலை கரையைப் படிக்கட்டு மாதிரி அறுத்திருந்தது. சவுக்கு மரங்களின் வேர் வெளியே தொங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இதற்குமேல் நான் ஒன்றும் பேசத் தேவையில்லை என்று நினைத்தேன். அப்பா இடுப்பில் கைவைத்து நிதானமாகப் பார்த்தார்.

“கவாத்து வெட்டிருக்குமா. தளுத்து வந்துரும்.”

தேயிலைச் செடி முற்றிப்போனால் முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. வெட்டிய மறுநாள் சரிவு முழுக்க விறகுக்குச்சி நட்டதுபோலக் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தோட்டமே போச்சு என்பார்கள். சில மாதத்தில் பச்சைப் பசேலென்று துளிர்த்துவிடும். அப்பா கவாத்து கேங்குக்கு மண்டோராக, ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாளராக இருந்தவர். வெட்டுப்பட்ட எதைப் பார்த்தாலும் அவருக்குத் தளிர்தான் தெரியும்.

ஜூனில் அப்பா கூட்டாளியிடம் மறுபடி போய்வந்து எனக்கு ஒரு படம் அனுப்பினார். அகலமான, வெள்ளை வெளேரென்ற மணல். வேரெல்லாம் மூடியிருந்தது. கூடவே குரல் செய்தி. “தளுத்துருச்சு பாத்தியாலா? நான்தான் சொன்னேன்ல.”

எரிச்சல் தலைக்கேறியது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. மழைக்காலத்து அலை இழுத்துப்போகும் மணலைக் காற்று அடங்கியதும் சின்ன அலைகள் திரும்பக் கொண்டுவந்து போடும். ஆனால் அந்த இடத்தில் போனது முழுதாகத் திரும்புவதில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைகிறது. இதைப் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் அவர் வழிக்கே போய்ப் பார்த்தேன்.

“ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு வரிசைச் செடி பட்டுப்போவுதுன்னு வச்சுக்குங்கப்பா.”

“அப்படி யாரு வெட்டுவா? என் கேங்குல எவனும் அப்படி வெட்டுனதில்ல.”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடலை விட்டுவிட்டு, அரைமணி நேரம் கத்தி பிடிக்கும் முறையைப் பற்றிப் பேசினார்.

வருடக் கடைசியில், வீட்டுப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, கரைக்கோட்டையும் வீட்டையும் காட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எந்த வருஷம் வீட்டுக்கு வருது? அத மட்டும் சொல்லு,” என்றார் அப்பா.

“பன்னண்டு வருஷத்துலயும் வரலாம். இருவத்தஞ்சும் ஆவலாம்.”

“அப்ப ஒனக்கே தெரியல.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டங்களில் கோட்டு சூட்டுப் போட்டவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் சிரித்து மழுப்புவேன். இங்கே அதுவும் முடியவில்லை.

“பன்னண்டுன்னா எனக்கு எழுவத்திரண்டு,” என்றார் அப்பா. “இருவத்தஞ்சுன்னா நான் இருக்கவே மாட்டேன். தோட்டம் எனக்கு மூணு மாசந்தான் குடுத்துச்சு. கடலு பன்னண்டு வருஷம் குடுக்குது. எது நல்லதுன்னு நீயே சொல்லு.”

நாற்பது வருடம் உழைத்த மனிதர் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் தாங்கவில்லை.

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அப்ப எனக்கு என்ன வயசுமா இருக்கும்?” என்று என்னைக் கேட்டார்.

அம்மா அப்பாவைவிடப் பதினொரு வயது இளையவர். இத்தனை மாதச் சண்டையில் அந்தக் கணக்கை அப்பாவும் போடவில்லை, நானும் போடவில்லை.

“அறுவத்தி ஒண்ணு. இல்ல எழுவத்தி நாலு.”

“இப்ப இந்த வீட்ட விட்டு அப்பாவோட கெளம்புறேன்,” என்றார் அம்மா. “அப்ப யாரோட கெளம்புவேன்?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பி, வீட்டுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளிப் போகும் ரோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இந்த ரோட்டுக்கு அந்தாண்ட வீடு ஏதாச்சும் கெடைக்குமா பாரு.”

ஒரு வருடமாக அந்த ரோட்டைத்தான் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியை என் பக்கம் இழுத்துத் தேடத் தொடங்கினேன்.