காலி லொறியின் எடை

அந்த வின்ச் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தேன். பழி ஒரு லொறிச் சாரதியின் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இல்லை... அதுவும் சரியில்லை. வாயைத் திறந்தேன். அவரைக் கைவிட எவ்வளவு பேச வேண்டுமோ அவ்வளவு மட்டும் பேசினேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்தவள். கண்டியில் இரண்டு ஆண்டுகள் இயந்திர வரைபடம் படித்துவிட்டு, அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். படம் வரைவேன், உதிரிப் பாகங்களுக்குப் பட்டியல் எழுதுவேன். பட்டறையில் பெண் நான் ஒருத்திதான். எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினால்தான் என் மனம் ஒரு நிலைக்கு வரும். அந்தப் பழக்கத்தை நேர்மை என்று நம்பியிருந்தேன்.

எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஒரு மண் பாதை போகிறது. உலக யுத்த காலத்துப் பழைய ராணுவ லொறி ஒன்றுதான் அதில் ஏறும். மழை பிடித்துவிட்டால் அதுவும் ஏறாது. ஏழாம் நம்பர் மலை வளைவில் அச்சுவரை சேற்றில் புதைந்து நின்றுவிடும். காலையில் மேலே போகும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கே இறங்கி, லொறியைத் தள்ளி, மீதித் தூரத்தை நடந்து போவார்கள். பிந்திப் போனால் கங்காணி அரைப் பேர்தான் போடுவார். அரைப் பேர் என்றால் அன்றைக்கு அரை நாள் கூலி.

லொறியின் முன்னால் ஒரு வின்ச் பொருத்தலாம் என்று தோட்ட நிர்வாகியான துரை முடிவு செய்தார். இரும்புக் கயிறு சுற்றிய உருளை அது. கயிற்றின் நுனியை மேலே ஒரு மரத்தில் கட்டி உருளையை ஓடவிட்டால், லொறி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். மலிவாகவும் இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும், நீ பார்த்து எழுது என்றார். என்னிடம் சொன்னார்!

மூன்றைப் பட்டியலிட்டேன். ஒன்று, கொழும்பு முகவரிடம் இருந்த புத்தம் புதியது; ஐந்து டன் இழுக்கும். இரண்டு, ஏலத்தில் வந்த ராணுவச் சாமான், மூன்று டன். மூன்று, கையால் சுற்றுவது. அதை எழுதிய உடனேயே அடித்துவிட்டேன். புதியதன் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. அதற்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் என் மேசையை எட்டிப் பார்த்தார். "பொம்பளப் புள்ள போட்ட கணக்க நம்பி கொழும்புல காசு குடுப்பாங்களா? அனுப்பிப் பாரு. அப்பிடியே திரும்பி வரும்."

என் தாள் திரும்பி வரக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சேறு, வளைவு, பெண்கள், அரைப் பேர்... எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன.

கணக்கைப் போட்டேன். காலி லொறி நான்கு டன். ஏற்றத்துக்கும் சேற்றுக்கும் சேர்த்து இழுவை மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஏலச் சாமான் போதும். கொழுந்து ஏற்றிய லொறி கீழ்நோக்கித்தானே வரும், அதை இழுக்கத் தேவையில்லை. கணக்கு அழகாக நின்றது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் 'காலி லொறி' என்றால் கொழுந்து இல்லாத லொறி. முப்பது பெண்கள் நெருக்கி நின்று போனாலும் அது காலி லொறிதான். யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் என் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி லொறியில் போயிருக்கிறேன். துரைக்கு எழுதிய ஆங்கிலத் தாளில் அந்தச் சொல்லைப் போட்டபோது அதற்குள் இருந்த முப்பது பேரும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இறங்குவதை நான் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியும் பார்த்தேன்: முப்பது பேர், ஆளுக்கு எண்பத்தைந்து இறாத்தல். ஒரு டன்னுக்கும் மேல் கூடியது. இழுவை மூன்றரையைத் தாண்டியது.

அழிப்பானை எடுத்து அதை அழித்தேன்.

வின்ச் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத லொறியை அந்த வளைவில் வேண்டுமென்றே புதைத்து இழுத்துப் பார்த்தோம். முனகிக்கொண்டே மேலே வந்தது. சாரதி வேலாயுதம் அண்ணன் கீழே குதித்து வந்தார். எங்கள் லயத்துக்காரர். நான் கண்டிக்குப் படிக்கப் போன நாளில் நானுஓயா ரயில் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தவர். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி செல்லம்மா கரையில் நின்றாள்.

"இனிமே எங்க காலு சேத்துல படாது. எங்க தங்கச்சி மிசினு வாங்கிருக்கில்ல" என்றாள்.

"நீ ஏறுனா மிசினுக்கே மூச்சு வாங்கும்" என்றார் அண்ணன்.

"நான் என்ன கொழுந்துச் சாக்கா, தராசுல போட்டுப் பாக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். பொம்பளைங்கள எறக்கிட்டு இழுக்கணுமா, அப்பிடியே வச்சு இழுக்கலாமா?"

நேர்க் கேள்வி. படித்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வி. துரை இரண்டடி தள்ளி நின்றிருந்தார். பெரிய கிளாக்கரும் நின்றிருந்தார். இறக்கத்தான் வேண்டும் என்று சொன்னால், பிறகு எதற்கு இந்த வின்ச் என்று அடுத்த கேள்வி வரும்...

"இழுக்கும்ணே" என்றேன்.

"அப்ப எறங்க வேணாம்னு சொல்லிரவா?"

தலையை ஆட்டினேன்.

மூன்று வாரம் அது இழுத்தது. நான்காவது வாரம் விடாத மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மேலே போன லொறி அந்த வளைவில் புதைந்தது. அண்ணன் வழக்கம்போலக் கயிற்றைக் கட்டி வின்ச்சை ஓட்டினார். கயிறு அறுந்தது. லொறி பின்னால் சரிந்து மண்கரையில் மோதி நின்றது. யாரும் சாகவில்லை. பக்கப் பலகைக்கும் கரைக்கும் நடுவில் செல்லம்மாவின் வலது கை அகப்பட்டுக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. கொழுந்து பறிக்கிற கை.

துரையின் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அண்ணன் கைகட்டி நின்றார். லொறியில் என்ன பாரம் இருந்தது என்று துரை கேட்டார்.

"காலிதாங்க தொரை. கொழுந்து ஒண்ணும் இல்லீங்க. ஆளுங்க மட்டுந்தான்."

பெரிய கிளாக்கர் சிரித்துவிட்டார். துரைக்குக் கோபம் வந்தது. ஆட்களை வைத்து இழுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"தங்கச்சிகிட்ட கேட்டுத்தாங்க செஞ்சேன்."

துரை என்னைப் பார்த்தார். என் தாள் அவர் மேசையில் இருந்தது. என் முத்தான கையெழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று...

"காலி லொறிக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன், சேர். தாளில் இருக்கிறது" என்றேன்.

பொய்யே இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை! ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்ற துரை எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவேளை கேட்காமலே இருந்திருக்கலாம். பொண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு ஒருவன் தெரிந்தே அந்தச் சேற்றில் இறங்குவானா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அண்ணனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தார்கள். அதுதான் வேலை நீக்கச் சீட்டு. அதில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்தச் சொல் இருக்கும் வரை எந்தத் தோட்டத்திலும் அவர் கையில் லொறியைக் கொடுக்க மாட்டார்கள். லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவையும் காலி செய்யச் சொன்னார்கள். எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது.

இரண்டு வருடம் கழித்து, பொகவந்தலாவையில் இருக்கிறார்கள் என்று தெரிந்து பஸ் ஏறிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சொல்ல வேண்டியவற்றை வழியெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். பென்சில் கணக்கு. அழித்தது. தலையை ஆட்டியது. விசாரணையில் சொன்னது. துரையிடம் திரும்பப் போய்ச் சொல்லத் தயார் என்பது.

அண்ணன் அங்கே கான் வெட்டிக்கொண்டிருந்தார். மலைச் சரிவில் மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டும் வேலை. முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு அழைத்துப் போனார். செல்லம்மா இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் பேசிவிட்டார்.

"தங்கச்சி, ஒங்கள அன்னிக்கி தொரை முன்னாடி இழுத்து விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. பொறவு யோசிச்சுப் பாத்தேன். நீங்க எறக்கிட்டுத்தான் இழுக்கணும்னு சொல்லிருப்பீங்க. அந்த இஞ்சின் சத்தத்துல நாந்தான் தப்பாக் கேட்டுக்கிட்டேன் போல. படிச்ச புள்ள, தப்பாச் சொல்லுவீங்களா?"

அன்றைக்கு அவர் கேட்டபோது இஞ்சின் ஓடவில்லை.

செல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பரவாயில்லைங்கண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்து, சன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.