போர்டு காலியாக இருக்கக் கூடாது

உத்தரவு

கடலூரிலிருந்து மாற்றலாகி எங்கள் சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு சூப்பர்வைசராக வந்த அன்றே தணிகாசலம் சார் ஒரு உத்தரவு போட்டார். டூட்டி முடியும்வரை எந்த ஆபரேட்டரும் லைன்களைக் கையால் இணைக்கும் போர்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது, மீறினால் மெமோ என்றார். சிரிப்பே தெரியாத முகம். அறுபதுகளில் சூப்பர்வைசர் என்றால் கடவுளுக்கு அடுத்த படி. எதிர்த்துப் பேச எங்களில் ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை.

உத்தரவு சாரதா அக்காவின் தலையில்தான் விழுந்தது. எங்களில் அவருக்கு மட்டும்தான் கைக்குழந்தை. புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடும். வீடு அடுத்த தெருவில். எதிரே பரங்கிப்பேட்டை பாய் ஒருவரின் மருந்துக் கடை, அங்கே டெலிபோன் உண்டு. குழந்தை பசித்து அழுதால் அக்காவின் மாமியார் வாசலில் நின்று பாயிடம் சைகை காட்டுவார். பாய் போனின் கைப்பிடியைச் சுற்றுவார். எங்கள் போர்டில் அவர் நம்பருக்கான சின்னத் தகடு விழும், அதை ஷட்டர் என்போம். யார் அந்த அழைப்பை எடுத்தாலும் "அக்கா, பாய்" என்று மட்டும் சொல்வோம். அக்கா ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். அதுவரை பக்கத்தில் இருப்பவள் இரண்டு பேர் வேலையையும் பார்ப்பாள். எங்களுக்குக் காய்ச்சல், கல்யாணம் என்றால் அக்கா எங்கள் டூட்டியை வாங்கிக்கொள்வார். பழைய சூப்பர்வைசர் இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தார்.

"இனிமே முடியாதுடி. மாசம் பொறந்ததும் வேலைய விட்டுட்டுப் போறேன்" என்றார் அக்கா என்னிடம். அவர் கணவருக்கு நிலையான வேலை இல்லை. குடும்பமே அக்கா சம்பளத்தில்தான் ஓடியது.

மருந்துக் கடை அழைப்பு

மறுநாள் காலை. பலாப்பழ சீசன் வேறு. பண்ருட்டிக்கும் மெட்ராஸுக்கும் வெளியூர் இணைப்பு, அதாவது டிரங்க் கால் கேட்டு வியாபாரிகள் எங்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உத்தரவைப் பற்றிப் பாயிடம் சொல்லி வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஷட்டர் விழுந்தது. நான்தான் எடுத்தேன்.

"புள்ள ரொம்ப நேரமா அழுவுதும்மா. சாரதாம்மாகிட்ட சொல்லிருங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். என் முகமே சொல்லிவிட்டது. கண்ணீர் வழிய வழிய, "நம்பர் ப்ளீஸ்" என்று அடுத்த அழைப்பை எடுத்தார் அக்கா. குரல் மட்டும் துளிகூட நடுங்கவில்லை.

சூப்பர்வைசர் மேஜையிலும் ஒரு ஹெட்செட் உண்டு, எந்த லைனையும் கேட்கலாம். பாய் பேசியதைத் தணிகாசலம் சார் கேட்டிருக்கிறார். நேராக வந்து அக்காவின் பின்னால் நின்றார்.

"எழுந்திரும்மா."

தொலைந்தோம் என்று நினைத்தேன். அக்கா எழுந்தார். சார் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

"போர்டு காலியா இருக்கக் கூடாது, எனக்கு அதான் முக்கியம். நீ போயி புள்ளைய பாத்துட்டு வா."

அதன்பிறகு பார்த்ததை இன்று நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. ஒரு கை லைனை இணைக்கும் கார்டு வயரைச் செருகும்போதே மறு கை அடுத்த ஷட்டரைத் தூக்கிவிடும். யாரையும் காக்க வைக்கவில்லை, யாரிடமும் குரல் உயரவில்லை. ஆண் குரல் கேட்டுத் திகைத்த ஒரு வியாபாரியிடம் "லைன்ல இருங்க" என்றார், அவ்வளவுதான். சாரும் பல வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களில் ஒருத்திக்கும் அந்த வேகம் வராது.

அக்கா திரும்பி வந்து பயந்தபடி நின்றார். கையிலிருந்த அழைப்பை முடித்துவிட்டு, சார் எழுந்து ஹெட்செட்டைக் கொடுத்தார்.

"மண்டிக்காரர் மெட்ராஸ் கேட்டிருக்காரு, இன்னும் கெடைக்கல. மறந்துராத."

ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டரிடம் டூட்டி மாற்றும்போது பேசுகிற அதே பேச்சு. உபகாரம் செய்த தோரணையே இல்லை. அன்றிலிருந்து யார் எழுந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மாற்று ஆள் இல்லையென்றால் அவரே உட்காருவார் என்று ஆயிற்று. அக்கா வேலையை விடவில்லை.

பின்னாளில் நானும் சூப்பர்வைசர் ஆனேன். "போய்ட்டு வா" என்று சொல்வது சுலபம், போனவளின் வேலை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான் கஷ்டம். யாராவது தயங்கியபடி என் மேஜையருகே வந்து நின்றால், நான் முதலில் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருப்பேன். பெரும்பாலும் கேட்க மறந்தே போய்விடும்.